ஒரு கரை போதும்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாலித் தீவைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். இந்த அரங்கில் சில பேராவது அங்கே போய் வந்திருப்பீர்கள். போகாதவர்கள், தேனிலவுக்குப் போன பிள்ளைகள் அனுப்பிய படங்களையாவது பார்த்திருப்பீர்கள். பாலிக்கு வரும் வெளிநாட்டவரில் ஆஸ்திரேலியர்கள் முதலிடம். கொரோனாவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் இரண்டாம் இடம் இந்தியர்களுக்கு. ஆகவே அங்கே கோயில் இருக்கிறது, குரங்கு இருக்கிறது, வயல் இருக்கிறது என்று பட்டியல் போட்டு உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரே ஒரு கேள்விதான். நாலைந்து நாள் லீவு கிடைத்து, கணவனும் மனைவியுமாக அலைக்குப் பேர்போன ஒரு தீவுக்குப் போகிறோம். அந்த நாட்களை என்ன செய்வது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே கரையில் தங்குங்கள். தீவைச் சுற்றாதீர்கள். கடலுக்கு ஒரு நேரக்கணக்கு இருக்கிறது. உங்கள் நாளை அதற்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவதெல்லாம் இதற்கான காரணங்கள்.

நம் ஊர் டிராவல்ஸ்காரர்கள் கொடுக்கும் தாளை எடுத்துப் பாருங்கள். 'நான்கு இரவு, ஐந்து பகல்' என்று தலைப்பு. முதல் நாள் விமானத்திலிருந்து இறங்கி ஓட்டலுக்கு. இரண்டாம் நாள் தஞ்சுங் பெனோவாவில் படகு விளையாட்டு, மாலையில் உலுவாத்து கோயில். மூன்றாம் நாள் கிந்தாமணியில் எரிமலை, திரும்பும் வழியில் உபுத், வயலோர ஊஞ்சல், காப்பித் தோட்டம். நான்காம் நாள் படகேறி நுசா பெனிடா தீவு. ஐந்தாம் நாள் ஷாப்பிங், விமான நிலையம். தாளில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தென் பாலியின் சாலைகள் குறுகலானவை. கடற்கரையிலிருந்து எரிமலை மேட்டுக்குப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெரிசலில் மாட்டினால் இன்னும் கூடும். கணக்குப் போட்டால், காசு கொடுத்து வாங்கிய விடுமுறையில் பாதி வேனுக்குள் போய்விடுகிறது. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இந்துமாக்கடலைத் தாண்டிப் போகத் தேவையில்லை.

சரி, கரையிலேயே இருந்தால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பீர்கள். முதலில் அந்த அலையை எடுத்துக்கொள்வோம்.

பாலி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே எட்டு டிகிரியில் இருக்கிறது. தென்மேற்குத் திசையில் அதற்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே தடுக்க ஒரு நிலம் கிடையாது, வெறும் கடல்தான். தெற்கே 40 டிகிரிக்கு அப்பால் மேற்கிலிருந்து ஓயாமல் காற்று வீசும் பகுதி ஒன்று உண்டு. நம்முடைய கோடைக்காலம் அங்கே குளிர்காலம். அப்போது புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே உருவாகி நாட்கணக்கில் கடலைக் கிளறுகின்றன. அந்தக் கிளறலில் பிறந்த அலை வடக்கே கிளம்புகிறது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 15 வினாடி இடைவெளி உள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு 40 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் நகரும். ஒரு நாளுக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். புயலுக்கும் பாலிக்கும் இடையே 4,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நான்கு நாள் பயணம். நீங்கள் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே, நீங்கள் பார்க்கப்போகிற அலை அங்கிருந்து புறப்பட்டுவிட்டது.

இதே புயல்கள்தான் நம் கரைக்கும் அலை அனுப்புகின்றன. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் திடீரென்று ஏறி வரும். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தபோது, கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஆகவே அலையைப் படிப்பது சுற்றுலாக்காரரின் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. கடலோர மாநிலத்துக்காரர்களான நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்க வேண்டிய பாடம்.

அலை வந்தால் மட்டும் போதாது, காற்றும் ஒத்துழைக்க வேண்டும். நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசினால் அலை முகம் குலையாமல் எழுந்து நின்று, ஓரத்திலிருந்து ஒழுங்காக உடைந்து வரும். கடலிலிருந்து கரைக்கு வீசினால் நொறுங்கிக் கலங்கிவிடும். பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று. மேற்கைப் பார்த்திருக்கும் குத்தா, சங்கு, உலுவாத்து கரைகளுக்கு அது நிலக்காற்று. நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், காற்று மேற்கிலிருந்து வரும். அப்போது அலைச்சறுக்குக்காரர்கள் கிழக்குப் பக்கத்துச் சனூருக்கும் நுசா துவாவுக்கும் போய்விடுவார்கள்.

இதில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நம் கல்யாணங்கள் தை, மாசியில். தேனிலவுக்குப் பிள்ளைகள் போய் இறங்குவது ஜனவரி, பிப்ரவரியில், அதாவது மழையின் உச்சத்தில். ஆறுகள் அடித்துக்கொண்டு வந்து கடலில் தள்ளிய குப்பையை அதே மேற்குக் காற்று திரும்பக் குத்தா கரையில் கொண்டுவந்து ஒதுக்கும் காலம் அது. பிளாஸ்டிக், கட்டை, கிளை எல்லாம் குவிந்து கிடக்கும். காலையில் இயந்திரம் விட்டு அள்ளுவார்கள். "படத்தில் பார்த்த கடற்கரை இது இல்லையே" என்று அங்கே நொந்துகொள்வதில் பயனில்லை. அந்த மாதத்தில்தான் போக முடியும் என்றால் கிழக்குக் கரையில் தங்கலாம். தேதி உங்கள் கையில் இருக்கிறது என்றால் மே, ஜூனில் போகலாம். மார்ச் மாதத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஞெபி என்ற பாலியர்களின் புத்தாண்டு மௌன நாள் பெரும்பாலும் அந்த மாதத்தில் வரும். அன்று விளக்கு இல்லை, வண்டி இல்லை, வெளியே நடமாட்டம் இல்லை. விமான நிலையத்தையே 24 மணி நேரம் மூடிவிடுவார்கள்.

இனி, ஒரே கரையில் தங்கிவிட்ட ஒரு ஜோடியைப் பற்றிச் சொல்கிறேன். ராபர்ட் கோக், லூயிஸ் காரெட். அமெரிக்கர்கள். ராபர்ட் ஹாலிவுட்டில் வேலை பார்த்தவர், ஹவாயில் அலைச்சறுக்கு கற்றவர். அந்த அம்மாள் ஓவியர். 1936இல் பாலிக்கு வந்தார்கள். தீவு அப்போது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. கப்பலில் வரும் பயணிகளுக்குத் தென்பசார் நகரத்தில் ஒரு பெரிய ஓட்டல் இருந்தது. அங்கே தங்குவார்கள், காரில் கோயில் பார்ப்பார்கள், நடனம் பார்ப்பார்கள், கப்பலேறிவிடுவார்கள். இன்றைய பேக்கேஜின் பாட்டன் அது. குத்தா அன்று மீனவர் குப்பம். வெள்ளைக்காரர் யாரும் தங்க நினைக்காத இடம். இந்த ஜோடி அந்த மணலைப் பார்த்தது, போதும் என்று அங்கேயே இருந்துவிட்டது. மூங்கிலும் கூரையுமாகக் குடில்கள் போட்டுக் குத்தா பீச் ஓட்டலைத் தொடங்கினார்கள். ராபர்ட் பலகையை எடுத்துக்கொண்டு அலையில் இறங்கினார். வந்த விருந்தாளிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். பாலியில் அலைச்சறுக்கின் கதை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1942இல் ஜப்பானியப் படை வந்ததோடு ஓட்டலும் முடிந்தது, அந்த முதல் அத்தியாயமும் முடிந்தது. லூயிஸ் எழுதிய நினைவுக் குறிப்பு 1987இல்தான் புத்தகமாக வந்தது.

இந்த ஜோடியிடம் எனக்குப் பிடித்தது, அவர் அலையில் இருந்தார், இவர் கரையில் வரைந்துகொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார் என்பது. ஒரே கரை, ஆளுக்கொரு வேலை. தம்பதியாகப் போனால் எல்லாவற்றையும் சேர்ந்தே செய்ய வேண்டும், எல்லாப் படத்திலும் இருவரும் நிற்க வேண்டும் என்று ஒரு கட்டாயத்தை நாம்தான் உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம்.

நானும் என் வீட்டுக்காரரும் குத்தாவில் தங்கினோம். அலைச்சறுக்குப் பாடம் எடுத்துக்கொண்டது நான். அவர் கரையில் வாடகை நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்தார். "நீ போ, நான் இங்கேருந்து பாத்துக்கிறேன்" என்றார். ஐம்பது வயதைத் தாண்டிய, பாதி நீச்சல் தெரிந்த ஒரு பெண் அங்கே எப்படிக் கற்றுக்கொள்கிறாள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். போக நினைக்கும் பெண்களுக்குப் பயன்படும்.

முதல் அரை மணி நேரம் தண்ணீரே கிடையாது. பயிற்சி தரும் பையன் எட்டடிக்கு மேல் நீளமுள்ள பஞ்சுப் பலகையை மணலில் போட்டான். முழங்கை வரை, முழங்கால் வரை மூடிய நீச்சல் உடையோடு நான் அதன்மேல் குப்புறப் படுத்தேன். நெஞ்சைத் தூக்க வேண்டும், இரண்டு கையாலும் மணலை வழிக்க வேண்டும். அவன் குரல் கொடுத்ததும் விலாவுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை ஊன்றி, ஒரே வீச்சில் காலை இழுத்துப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். பார்வை பலகையில் போகக்கூடாது, கரையில் இருக்க வேண்டும். கீழே பார்த்தால் கீழே விழுவோம். இதையே திரும்பத் திரும்ப. பிறகு பலகையின் கயிற்றைக் கணுக்காலில் கட்டி, இடுப்பளவு தண்ணீருக்குக் கூட்டிப்போனான்.

அங்கே போனதும்தான் அலைகள் தனித்தனியாக வருவதில்லை என்று புரிந்தது. நாலைந்து பெரிய அலை சேர்ந்து ஒரு கூட்டமாக வரும். பிறகு சில நிமிடங்கள் கடல் சும்மா கிடக்கும். அந்தக் கூட்டத்தை அவர்கள் 'செட்' என்கிறார்கள். வருகிற அலையெல்லாம் நமக்கில்லை. "இது வேண்டாம் இபு, அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இபு என்பது அம்மா என்று மரியாதையாக அழைப்பது. தகுந்த அலை வந்ததும் பலகையின் வாலைப் பிடித்து ஒரு தள்ளு. விழுந்தேன். மூக்கு வழியாக உப்புத் தண்ணீர் ஏறியது. மறுபடியும் படுத்தேன், மறுபடியும் விழுந்தேன். ஒரு தடவை நின்றுவிட்டேன். நுரை என்னைக் கரைவரைக்கும் கொண்டுபோய் விட்டது. திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து, வேட்டியை மடித்துக்கட்டும் பழக்கத்தில் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். போன் அறையில் இருந்தது, அதனால் படம் இல்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னை அவ்வளவு நேரம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் என்பதைச் சபையில் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

விளையாட்டாகச் சொன்னாலும் ஆபத்தையும் சொல்லத்தான் வேண்டும். குத்தாவின் அடிப்பகுதி மணல். விழுந்தால் சிராய்ப்போடு போகும். ஆனால் கரையில் மோதிய தண்ணீர் ஏதாவது ஓர் ஓடை வழியாகத்தான் கடலுக்குத் திரும்ப வேண்டும். அந்த ஓடையில் மாட்டினால் ஒலிம்பிக் நீச்சல்காரரும் எதிர்த்து வரமுடியாது. பார்வைக்கு அலை உடையாத, அமைதியான இடமாகத் தெரிவதுதான் அதன் வஞ்சகம். குளிக்க வசதி என்று நம்மவர்கள் தேடிப் போவதும் அந்த இடத்துக்குத்தான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, ஓடையை விட்டு வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள். உயிர்காப்பாளர்கள் சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடி நட்டிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் குளிக்க வேண்டும். முழுச் சிவப்புக் கொடி என்றால் இறங்கக்கூடாது.

உலுவாத்து கரையின் சங்கதி வேறு. அங்கே அடியில் பவழப்பாறை. தண்ணீர் வற்றும் நேரத்தில் விழுந்தால் தோல் உரிந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் இன்னும் அதிகம். 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய இயக்குநர் ஆல்பர்ட் ஃபால்சன் எடுத்த 'மார்னிங் ஆஃப் தி எர்த்' என்ற படத்தில்தான் உலகம் முதன்முதலில் உலுவாத்து அலையைப் பார்த்தது. செங்குத்தான பாறைக்கு அடியில் உள்ள ஒரு குகை வழியாக இறங்கிக் கடலுக்குள் போக வேண்டும். அது தேர்ந்தவர்களின் இடம். நாம் மேலே நின்று பார்க்கலாம், பார்ப்பதே போதுமானது. கோயில் குரங்குகளிடம் மட்டும் ஜாக்கிரதை. மூக்குக் கண்ணாடியையும் போனையும் பறித்துக்கொண்டு, பழம் கொடுத்தால்தான் திருப்பித் தரும். விலை உயர்ந்த பொருளுக்கு அதிகப் பழம் கிடைக்கும் என்று அவை தெரிந்து வைத்திருப்பதாக ஆராய்ந்தே எழுதியிருக்கிறார்கள்.

ஒரே கரையில் இருந்தால் இன்னொன்றும் நடக்கும். தீவின் பிழைப்பு கண்ணில் படும். விடியற்காலையில் கடை வாசலில், படிக்கட்டில், ஸ்கூட்டர் மேல், சர்ஃப் பலகை அடுக்கின் மேல்கூட, தென்னங்குருத்தில் முடைந்த சின்னத் தட்டில் பூவும் அரிசியும் ஊதுவத்தியும் வைப்பார்கள். சனாங் என்று பெயர். ஒவ்வொரு நாளும் புதிதாக. மிதிக்காமல் நடக்கப் பழக வேண்டும். தெருவோர வாருங் கடைகளில் சோற்றோடு சம்பல் மத்தா வைப்பார்கள். சின்ன வெங்காயம், எலுமிச்சைப்புல், பச்சை மிளகாயைப் பொடியாக அரிந்து, சூடான தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பிசைந்தது. நம் நாக்குக்கு உறவு. சைவக்காரர்கள் மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், பல சம்பல்களில் காய்ந்த இறால் விழுது கலந்திருக்கும். மாலை நடையில் லெகியான் தெருவில் ஒரு நினைவுச்சுவர் வரும். 2002 அக்டோபர் 12ஆம் தேதி குண்டுவெடிப்பில் இறந்த 202 பேருக்கானது. பேக்கேஜ் வேன் அங்கே நிற்பதில்லை.

அந்த மணலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1960களில் பெரிய ஜெட் விமானங்கள் இறங்குவதற்காக விமான நிலையத்தின் ஓடுதளத்தைக் கடலுக்குள் நீட்டினார்கள். அதன் பிறகு மணல் நகர்வது தடைப்பட்டு, குத்தா கரை அரிக்கத் தொடங்கியது. பின்னால் ஜப்பானிய உதவியோடு வேறிடத்து மணலைக் கொண்டுவந்து கொட்டிக் கரையை மீட்க வேண்டியிருந்தது. நாம் வந்து இறங்குகிற ஓடுதளமே நாம் பார்க்க வந்த கரையைத் தின்றிருக்கிறது.

தண்ணீரின் கதையும் அப்படித்தான். ஆற்று நீரைக் கோயில்வழி பங்கிட்டு வயலுக்கு விடும் 'சுபக்' என்ற உழவர் அமைப்பு பாலியில் பல நூற்றாண்டாக இருக்கிறது. 2012இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அலைக்காகக் கூட்டம் பெருகிய சங்குவில் அதே வயல்கள் மனைகளாகி, வில்லாக்களாகி, ஒவ்வொரு வில்லாவுக்கும் ஒரு நீச்சல் குளம் வந்துவிட்டது. தென் பாலியில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுகிறது. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணியிடமும் 1,50,000 ரூபியா, நம் பணத்தில் ஏறக்குறைய எண்ணூறு ரூபாய், பண்பாட்டையும் இயற்கையையும் காப்பதற்கென்று வாங்குகிறார்கள். முணுமுணுக்காமல் கொடுங்கள்.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள். பாலிக்குப் போய்த்தான் முதல் தடவை பலகையில் ஏற வேண்டும் என்பதில்லை. சென்னைக்குப் பக்கத்தில் நம் கோவளத்திலேயே மீனவர் பிள்ளைகள் நன்றாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். 2025இல் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில்தான் நடந்தது. நாலைந்து வகுப்பு இங்கே முடித்துவிட்டுப் போனால் அங்கே கிடைக்கிற நேரம் வீணாகாது. சர்வதேச ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்காதீர்கள். விழுந்தால் காப்பீடு கைகொடுக்காது. கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில், நீச்சல் குளம் இல்லாத சின்ன விடுதியில் அறை எடுங்கள். கடல் இருக்கும்போது குளம் எதற்கு?

கல்யாணத் தேதி குறித்த கையோடு டிராவல்ஸ் தாளைக் கொண்டுவந்து காட்டும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அந்தத் தாளில் மூன்று இடங்களை அடித்துவிடச் சொல்லுங்கள். அடித்த இடத்தில், 'காலை: கடல், மாலை: கடல்' என்று எழுதிக் கொடுங்கள்.